கிரவுண்டை விட்டு இறங்கும் தேதி: ஒரு டிஃபெண்டர் சொல்லிக் கொடுத்த சம்பளக் கணக்கு



புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போற ரோட்டுல இருக்கு திருவரங்குளம். பொங்கல் லீவுல ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் டீக்கடையில நின்னுட்டு இருந்தப்ப ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணே, உங்க வீடியோ பார்ப்பேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?" அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அவருக்கு 30 வயசு. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில 7 வருஷமா வேலை. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 46,000 ரூபாய். ஸ்கூல்ல படிக்கிறப்பவே ஃபுட்பால் பைத்தியம். சென்டர் பேக், அதாவது கோல்கீப்பருக்கு முன்னாடி நின்னு தடுக்கிற ஆள். சென்னைக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் விடறதில்லை. லீவு போட்டு, கைக்காசு கட்டி, பயிற்சியாளருக்கான 'டி' லைசென்ஸும் வாங்கி வெச்சிருக்கார்.

இப்ப ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில ஃபுட்பால் கோச்சா வரச் சொல்றாங்க. மாசம் 20,000. சாயங்காலம் ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். அவருக்கு ஆசை. வீட்டுல பயம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல்ல அப்பாவோட தென்னை மரங்கள் சாய்ஞ்சதிலிருந்து குடும்பம் நிக்கறது இவர் சம்பளத்துலதான். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம்: "கிரவுண்டு சோறு போடுமாப்பா?"

நான் ஒரு ஆடிட்டர். என் வாயில முதல்ல வந்தது, "வேண்டாம் தம்பி, 46,000-ஐ விட்டுட்டு 20,000-க்கு யாராவது போவாங்களா?"

அதுக்கு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அண்ணே, ஒரு டிஃபெண்டருக்கு 35 வயசுக்கு மேல யாரும் காண்ட்ராக்ட் தர மாட்டாங்க. அது அவனுக்கு 20 வயசுலயே தெரியும். என் கம்பெனியில எனக்கு அது 45 வயசுல நடக்கும். எங்க லைன்ல ஒரு அண்ணனுக்குப் போன வருஷம் நடந்துச்சு. அவருக்கு அன்னிக்குக் காலையில வரைக்கும் தெரியாது."

பதில் சொல்ல முடியல. வீட்டுக்கு வந்து அவரோட கணக்கை நிதானமா போட்டேன். அவர் அனுமதியோட, அடையாளம் தெரியாம இருக்க சின்னச் சின்ன விவரங்களை மட்டும் மாத்தி, அதை இங்க எழுதறேன். உங்களுக்கு ஃபுட்பால் பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல. இது உங்க சம்பளத்தைப் பத்தினது.

15 வருஷச் சம்பளம், 60 வருஷ வாழ்க்கை

ஒரு ப்ரொஃபஷனல் ஃபுட்பால் வீரர் 20 வயசுல சம்பாதிக்க ஆரம்பிச்சு 35-ல நிறுத்தறார்னு வைங்க. 80 வயசு வரை வாழ்ந்தா, 15 வருஷ வருமானம் 60 வருஷத்துக்குச் சோறு போடணும். நம்ம கணக்குல 23-ல ஆரம்பிச்சு 58-ல முடியுது. 35 வருஷம். நமக்கு நிறைய நேரம் இருக்குன்னு தோணுது இல்லையா?

தம்பி சொன்ன மாதிரி அது 45-ல நின்னா? 22 வருஷம்தான். ஃபுட்பால் வீரருக்கும் நமக்கும் அப்புறம் பெரிய வித்தியாசம் இல்ல. அவருக்குத் தேதி தோராயமாத் தெரியும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அதனால நல்ல வீரர்கள் செய்யற ஒரு காரியத்தைப் பாருங்க. அவங்க ரிட்டயர்மென்ட்டுக்குப் பணம் சேர்க்கறாங்க, சரி. ஆனா அதை விட முக்கியமா, முதல் வேலையோட சம்பளம் வந்துட்டு இருக்கும்போதே ரெண்டாவது வேலையைத் தயார் பண்றாங்க. நம்ம ஊர்ல இதுக்கு உதாரணம் இருக்கு.

சென்னையின் பழைய வழி

சென்னை லீக்ல வங்கிகள், ரயில்வே, கஸ்டம்ஸ், போலீஸ்னு நிறுவன அணிகள்தான் பல வருஷம் கொடி கட்டிப் பறந்தன. 1996-97ல நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சப்ப அதுல ஆடின அணிகள்ல இந்தியன் வங்கியும் ஒண்ணு. அந்தக் காலத்துல தமிழ்நாட்டுப் பையனுக்கு ஃபுட்பால்னா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை. காலையில பிராக்டிஸ், பகல்ல ஆபீஸ். கால் ஓய்ஞ்ச பிறகும் சம்பளம், பி.எஃப்., பென்ஷன் ஓயாது.

சையத் சாபிர் பாஷா அந்த உலகத்திலிருந்து வந்தவர். அவர் டிஃபெண்டர் இல்ல, கோல் அடிக்கிற ஆள். இந்தியன் வங்கிக்கு ஆடி, பிறகு அந்த அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அப்புறம் சென்னையின் எஃப்.சி.யில இளம் வீரர்களோடவும் உதவிப் பயிற்சியாளராவும் வேலை பார்த்தார். 2022 பிப்ரவரியில தலைமைப் பயிற்சியாளர் பாதியில போனப்ப, மிச்ச சீசனுக்கு இடைக்காலப் பொறுப்பு இவர் கைக்குத்தான் வந்துச்சு.

இன்னிக்கு அந்தக் கோட்டா வேலைகள் குறைஞ்சுட்டு வருது. ஐ.எஸ்.எல். மாதிரி லீக்ல காண்ட்ராக்ட்தான். பணம் அதிகம், பாதுகாப்பு கம்மி. உங்க அப்பா அரசு வேலையில இருந்திருப்பார், நீங்க ஐ.டி.யில இருப்பீங்க. இது அதே கதைதான்.

மகேஷ் காவ்லி: பெஞ்ச்ல உக்காந்திருந்தவர்

இப்ப ஒரு டிஃபெண்டர். கோவாவைச் சேர்ந்த மகேஷ் காவ்லி. ஜம்ஷெட்பூர் டாடா ஃபுட்பால் அகாடமியில வளர்ந்தவர். 2003-ல ஜகார்த்தாவுல ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்ச ஈஸ்ட் பெங்கால் அணியில இருந்தார். பிறகு கோவாவின் டெம்போ அணியில பல வருஷம். இந்திய அணியோட தடுப்புச் சுவர்ல ரொம்ப காலம் ஒரு செங்கல்.

ஆட்டம் முடிஞ்ச பிறகு கோச்சிங் பக்கம் வந்தார். இந்திய அணிக்கு உதவிப் பயிற்சியாளர். கேமரா முழுக்க அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் மேலதான் இருக்கும். உதவிப் பயிற்சியாளர் பேரு பேப்பர்ல வராது.

2023 ஜூன், பெங்களூர்ல சாஃப் சாம்பியன்ஷிப். முதல் மேட்ச்ல ஸ்டிமாச்சுக்கு ரெட் கார்டு. குவைத்தோட மேட்ச்ல மறுபடியும் ரெட் கார்டு. அரையிறுதியும் ஃபைனலும் அவர் டக்-அவுட்டுக்கே வர முடியாது. யார் நின்னது? காவ்லிதான். அரையிறுதியில லெபனானைப் பெனால்டியில ஜெயிச்சாங்க. ஜூலை 4-ம் தேதி ஃபைனல்ல குவைத்தோட 1-1. பெனால்டியில 5-4. கோப்பை இந்தியாவுக்கு.

இதுல நம்ம பாடம், "ஒரு நாள் வாய்ப்பு வரும்"ங்கற மோட்டிவேஷன் இல்ல. வாய்ப்பு வந்த அன்னிக்குப் போய் கோச்சிங் கோர்ஸ்ல சேர முடியாது. சாதாரண நாட்கள்ல, யாரும் பார்க்காதப்ப, படியேறி வெச்சிருக்கணும். இந்தியாவுல கோச்சிங் லைசென்ஸ் டி, சி, பி, ஏ, ப்ரோன்னு போகுது. ஒவ்வொரு படிக்கும் பணம் வேணும், லீவு வேணும், நடுவுல பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவமும் வேணும். சி.ஏ. பரீட்சை மாதிரிதான். ஒரே ராத்திரியில தாண்ட முடியாது.

மெர்டசாக்கர்: ஒரு வருஷம் முன்னாடியே சொன்னவர்

இளைஞர் அணிக்குப் போன டிஃபெண்டர்ல எனக்குப் பிடிச்ச உதாரணம் ஜெர்மனிக்காரர், பெர் மெர்டசாக்கர். ஜெர்மனிக்கு 104 மேட்ச், 2014 உலகக் கோப்பை. 2011-லிருந்து லண்டன் ஆர்சனல் அணியில.

2016 ஜூலையில முழங்கால்ல பெரிய காயம். அடுத்த சீசன் கிட்டத்தட்ட முழுக்கப் போச்சு. கடைசி லீக் மேட்ச்ல மாற்று ஆளா இறங்கினதோட சரி. அப்புறம் 2017 மே 27, செல்சியோட எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். மத்த டிஃபெண்டர்கள் இல்லாததால முதல் பதினோரு பேர்ல இவரை இறக்கினாங்க. சீசனோட முதல் ஸ்டார்ட்டே ஃபைனல்தான். பிரமாதமா ஆடினார். ஆர்சனல் 2-1 ஜெயிச்சது.

நம்ம ஆளுங்களா இருந்தா என்ன செய்வோம்? "பாத்தீங்களா, இன்னும் நான் இருக்கேன்"னு மூணு வருஷக் காண்ட்ராக்ட் கேட்போம். அந்த ஜூலையிலேயே வந்த அறிவிப்பு வேற: இன்னும் ஒரே சீசன் ஆடுவார், 2018-ல ஆர்சனலோட அகாடமிக்கு மேனேஜர் ஆவார். அதாவது, முதல் வேலையை விடறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரெண்டாவது வேலை எழுத்துல இருந்துச்சு.

2018 மார்ச்ல அவர் ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி பெரிய பேச்சாச்சு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி குமட்டலும் வயித்துக் கோளாறும் வரும், 2006 உலகக் கோப்பை அரையிறுதியில தோத்தப்ப ஏமாற்றத்தோட நிம்மதியும் வந்துச்சுன்னு வெளிப்படையா சொன்னார். நல்ல சம்பளத்துல இருந்துட்டே ஞாயிறு ராத்திரி வயித்தைக் கலக்கற நண்பர்கள் இதைப் படிச்சுட்டு இருப்பீங்க. உங்களுக்கு அது புரியும்.

அப்படிப்பட்டவர் ஹேல் எண்ட் அகாடமியில பசங்களை எப்படிப் பார்த்தார்ங்கறதுதான் விஷயம். அகாடமிக்கு வர்ற பசங்கள்ல மிகச் சிலர்தான் ப்ரொஃபஷனல் ஆவாங்க, அதனால படிப்பை விட்டுடக் கூடாதுங்கறதுல அவர் உறுதியா இருந்தார். அவரே முதல் டிவிஷன்ல ஆடிட்டு இருந்தப்ப பள்ளிப் படிப்பை முடிச்சவர். ராணுவ சேவைக்குப் பதிலா மனநல மருத்துவமனையில சேவை செஞ்சவர். அவர் காலத்துல அந்த அகாடமியிலிருந்து ஈதன் வானெரி 2022 செப்டம்பர்ல 15 வயசுல பிரீமியர் லீக்ல இறங்கினான். அந்த லீக்ல ஆடின வயசுல மிகச் சின்ன பையன் அவன்தான். ஆனா ஒரு வானெரிக்குப் பின்னாடி, முதல் அணிக்கே வராம வீட்டுக்குப் போற பசங்க எத்தனையோ பேர். அந்தப் பசங்களுக்கும் ஒரு வழி காட்டறதுதான் யூத் கோச்சோட உண்மையான வேலை.

அப்புறம் அகாடமி வேலையையும் விட முடிவு பண்ணினார். அதையும் முன்கூட்டியே சொல்லிட்டுத்தான். ரெண்டு தடவையும் இறங்கற தேதியை அவரே குறிச்சார். நான் தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப அவர் கேட்டார்: "அண்ணே, அவர்கிட்ட கோடிக்கணக்குல பணம் இருக்கும். என்கிட்ட 90,000 இருக்கு."

நியாயமான கேள்வி. கணக்குக்கு வருவோம்.

இன்னிக்கே விட்டா ஆறு மாசம்

ஊருக்கு வந்துட்டா வாடகை இல்ல. வீட்டுச் செலவு 22,000. பழைய கடனுக்கு இ.எம்.ஐ. 6,500, இன்னும் 18 மாசம் பாக்கி. டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு மாசம் 1,500. மொத்தம் 30,000. வருஷத்துக்கு 3,60,000.

வருமானம்? பள்ளி 20,000 சொல்லுது. ஆனா விசாரிச்சா அது 10 மாசக் காண்ட்ராக்ட். கோடை லீவுக்குப் பணம் இல்ல. அதுலயும் 10% டி.டி.எஸ். பிடிச்சு 18,000-தான் கைக்கு வரும். வருஷத்துக்கு 1,80,000.

பள்ளம் வருஷத்துக்கு 1,80,000. மாசம் சராசரி 15,000. கையில இருக்கிற 90,000 ஆறே மாசத்துல காலி. ஏழாவது மாசம் அம்மாவோட நகை அடகுக் கடைக்குப் போகும். எட்டாவது மாசம் தம்பி மறுபடியும் ஒரகடத்துக்கு, இந்த தடவை குறைஞ்ச சம்பளத்துல. கனவு தப்பு இல்ல. தேதிதான் தப்பு.

18 மாசம் கழிச்சு விட்டா

இ.எம்.ஐ. முடிஞ்சிருக்கும். மாசச் செலவு 23,500. வருஷத்துக்கு 2,82,000. வருமானம் அதே 1,80,000. பள்ளம் 1,02,000. ரெண்டு வருஷத்துக்கு 2,04,000. அதுக்குள்ள சி லைசென்ஸ், ஊர்ப் பசங்க பேட்ச்னு வருமானம் ஏறணும்னு ஒரு கெடு. இதோட ஆறு மாச அவசர நிதி 1,41,000. மொத்தம் 3,45,000.

இந்தத் தொகையைத்தான் நான் 'பாலம்'னு சொல்றேன். இது ரிட்டயர்மென்ட் பணம் இல்ல. ஒரு சம்பளத்திலிருந்து இன்னொரு சம்பளத்துக்கு நடந்து போறதுக்கான பணம்.

இப்ப சென்னையில எல்லாச் செலவும் போக அவர் மிச்சம் பிடிக்கறது 8,000. 18 மாசத்துக்கு 1,44,000. கையிருப்போட சேர்த்தா 2,34,000. ஒரு லட்சத்துக்கு மேல இடிக்குது. எங்கிருந்து வரும்?

விடை அவர் கையிலேயே இருந்துச்சு. சென்னையில சனி, ஞாயிறு காலையில 12 பசங்களுக்கு ஆளுக்கு 500 ரூபாய்க்கு கோச்சிங். மாசம் 6,000. இப்ப மாசம் 14,000 சேரும். 18 மாசத்துல 2,52,000, கையிருப்பு 90,000, ஆர்.டி. வட்டி கொஞ்சம். பாலம் கட்டியாச்சு.

அந்த 6,000-ல பணத்தை விட முக்கியமான ஒண்ணு இருக்கு. பத்து வயசுப் பசங்க 12 பேரை மழையிலும் வெயில்லயும் ஒன்றரை வருஷம் சமாளிக்கறது நமக்குப் பிடிக்குதா இல்லையான்னு, வேலையை விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். பிடிக்கலைன்னா? நஷ்டம் எதுவும் இல்ல. 3 லட்சத்துக்கு மேல சேமிப்பு இருக்கு. வேலையும் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. பல கம்பெனிகள்ல வேற வேலை செஞ்சு சம்பாதிக்க எழுத்து மூலம் அனுமதி வாங்கணும்னு ஒரு வரி இருக்கும். ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிடுங்க. அந்த வருமானத்தை ஐ.டி. ரிட்டர்ன்லயும் காட்டுங்க.

ஆடிட்டரா நாலு விஷயம்

முதல்ல வரி. விளையாட்டு வீரர்கள், நடுவர்கள், பயிற்சியாளர்களை எல்லாம் ப்ரொஃபஷனல் லிஸ்ட்ல சேர்த்து 2008 ஆகஸ்ட் 21-ல ஒரு அறிவிக்கை வந்துச்சு. அதனாலதான் 194ஜே பிரிவுல 10% டி.டி.எஸ். 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 50,000-க்கு மேல ஃபீஸ் போனா பிடிப்பாங்க. 2025-ம் வருஷ வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் மாறுது, விஷயம் அதேதான். தம்பியோட வருஷ ஃபீஸ் 2,00,000. வரியே வராது. பிடிச்ச 20,000 திரும்ப அவருடையது. ஆனா ரிட்டர்ன் போட்டாதான் வரும். இன்னொண்ணு: 194ஜே-ல டி.டி.எஸ். பிடிச்சதால, பாதி வருமானத்தை லாபமா காட்டற 44ஏடிஏ சலுகை தானா கிடைச்சுடும்னு நினைக்காதீங்க. அந்த 2008 அறிவிக்கை டி.டி.எஸ். பிரிவுக்காக மட்டும் வந்தது. வருமானம் பெருகினா ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

பள்ளிகிட்ட இன்னொரு கேள்வியும் கேக்கச் சொன்னேன்: "என்னை ஊழியரா எடுக்கறீங்களா, காண்ட்ராக்ட்டா?" ஊழியர்னா சம்பளத்துல 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு, பி.எஃப். வர வாய்ப்பு உண்டு. ஒரே 20,000, ரெண்டு விதமான 20,000.

ரெண்டாவது, பி.எஃப். வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை உருவி பேட்ச் ஆரம்பிக்கற ஆளுங்களை நிறைய பார்த்திருக்கேன். தொடாதீங்க. அது அங்கேயே இருந்தா வட்டி ஏறும். பென்ஷன் பங்குக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். அது முடியாம விலகினா, பணமா எடுக்காம ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வெச்சுக்கங்க. நாளைக்கு வேற வேலையில சேர்ந்தா பழைய சர்வீஸ் கூட்டிக்கும்.

மூணாவது, கிராஜுவிட்டி. தம்பியோட பேசிக் 22,000. 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்தா, வருஷத்துக்கு 12,692. எட்டரை வருஷத்துல விலகினா 8 வருஷக் கணக்கு: 1,01,538. ஆறு மாசத்தைத் தாண்டி, ஏழாவது மாசம் முடிச்சுட்டு விலகினா அது 9 வருஷம்: 1,14,231. ஒரு மாசப் பொறுமைக்கு 12,692 ரூபாய். ராஜினாமா தேதியை நட்சத்திரம் பார்த்துக் குறிக்காதீங்க, சர்வீஸ் பார்த்துக் குறிங்க.

நாலாவது, இன்சூரன்ஸ். கம்பெனி கொடுக்கற ஹெல்த் கவர் கடைசி வேலை நாளோட போயிடும். சொந்த பாலிசியை இப்பவே எடுங்க. ஏற்கெனவே இருக்கற பிரச்சினைகளுக்கான காத்திருப்புக் காலம், கம்பெனி கவர் இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கும். விளையாட்டுக் காயம் பத்தி பாலிசியில என்ன இருக்குன்னு படிங்க. பழைய காயத்தை மறைக்காதீங்க. க்ளெய்ம் அன்னிக்கு அதுதான் முதல்ல வெளியில வரும்.

அஞ்சு மாசம் ஆச்சு

இந்த வாரம் தம்பி பேசினார். சனிக்கிழமை பேட்ச்ல 12 பேர் இருக்காங்க. திட்டப்படி 1,60,000 இருக்கணும். 1,51,000-தான் இருக்கு. மார்ச்ல மேட்ச்ல முழங்கால் வீங்கிப் போச்சு. ஸ்கேன், டாக்டர்னு 9,000 செலவு. அட்மிட் ஆகாததால கம்பெனி இன்சூரன்ஸ்ல வரல.

"இனிமே மேட்ச் ஆட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. நின்னு சொல்லிக் கொடுக்கலாமாம்." குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டம் எப்ப முடியணும்னு அவர் குறிக்கல. முழங்கால் குறிச்சுடுச்சு. ஆனா அன்னிக்கு அவருக்கு வேலை இருந்துச்சு, சேமிப்பு இருந்துச்சு, அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு 12 பசங்க காத்துட்டு இருந்தாங்க. ஜனவரியில அவசரப்பட்டு வேலையை விட்டிருந்தா, மார்ச்ல வந்த இதே 9,000 என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த 9,000-ஐ ஈடு கட்ட மாசம் 700 கூட சேர்த்தா, மிச்சம் இருக்கற 13 மாசத்துல சரியாப் போயிடும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கூடவே, ஹெல்த் பாலிசி அப்ளிகேஷன்ல முழங்காலைப் பத்தி எழுதச் சொன்னேன். முனகினார். எழுதிட்டார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டேன்.

"சோறு போடுமான்னு கேக்கறதை விட்டுட்டாங்கண்ணே. இன்னும் எத்தனை மாசம்னு கேக்கறாங்க."

உங்களுக்கு மூணு கேள்வி

நீங்க கோச் ஆகப் போறதில்ல. இருந்தாலும் இந்த வாரக் கடைசியில ஒரு பேப்பர் எடுத்து இதை எழுதுங்க.

ஒண்ணு: இன்னிக்குச் சம்பளம் நின்னா, உங்க கையில இருக்கற பணம் எத்தனை மாசம் தாங்கும்? பி.எஃப்.ஐயும் நகையையும் சேர்க்காம எழுதுங்க.

ரெண்டு: உங்க ரெண்டாவது வேலை என்ன? டியூஷன், டிசைன், அக்கவுண்ட்ஸ், தையல், எதுவா வேணா இருக்கட்டும். அதுல கடைசியா எப்ப ஒரு படி ஏறினீங்க? பதில் "ஏறலை"ன்னா இந்த வருஷம் ஒரு படி.

மூணு: ஒரு சம்பளத்திலிருந்து இன்னொண்ணுக்குப் போக உங்க பாலத்துக்கு எவ்வளவு ஆகும்? மாசப் பள்ளத்தை 24-ஆல பெருக்குங்க, ஆறு மாசச் செலவைக் கூட்டுங்க. அந்தத் தொகைக்குத் தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. அதை ஷேர் மார்க்கெட்ல போடாதீங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம் அங்க இருக்கக் கூடாது. எஸ்.ஐ.பி. உங்க 58 வயசுக்கு; அது தன் பாட்டுக்கு ஓடட்டும்.

கோல் அடிச்சவன் பேரு ஸ்கோர் போர்டுல வரும். தடுத்தவன் பேரு வராது. வீட்டுப் பட்ஜெட்டும் அப்படித்தான், சம்பள உயர்வுக்கு ட்ரீட் வைப்போம், அவசர நிதிக்கு யாரும் ஸ்வீட் கொடுக்கறதில்ல. ஆனா 90-வது நிமிஷத்துல காப்பாத்தறது அதுதான்.

உங்க பாலத் தொகை எவ்வளவுன்னு கமெண்ட்ல எழுதுங்க. கணக்குல சந்தேகம் இருந்தா கேளுங்க, பதில் சொல்றேன். அடுத்த வாரம் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் எப்படி வாங்கறதுன்னு வீடியோவுல பார்ப்போம்.